மேற்குப் பங்கில் சிவப்புக் கோடு

தங்கப்பாண்டி இப்படிச் சட்டென்று விரலை வைப்பான் என்று முத்திருளன் கனவிலும் நினைக்கவில்லை. நிலத்தின் படத்தைப் பாயில் விரித்து, காற்றில் பறக்காமல் நாலு மூலைக்கும் நாலு டம்ளரை வைத்து நிமிர்வதற்குள் தம்பியின் விரல் மேற்குப் பங்கின் நடுவில் இருந்தது.

"எனக்கு இதுண்ணே," என்றான்.

"நல்லாப் பாத்து எடுடா. ஒரு அவசரமும் இல்ல."

"பாத்துட்டேன். இதுதான். மதினி, காப்பி இருக்கா?"

அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குத் தொடங்கிய பாகப்பிரிவினை பத்து மணி மூன்று நிமிடத்துக்கு முடிந்துவிட்டது. முத்திருளனின் மனைவி நாகஜோதி காப்பி கொண்டுவந்தாள். தங்கப்பாண்டி ஊதி ஊதிக் குடித்துவிட்டு, வெள்ளிக்கிழமை பத்திரப்பதிவுக்கு மில்லில் லீவு சொல்லிவிடுவதாகச் சொல்லி, பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான். படத்தில் எழுதியிருந்த அளவுகளை அவன் வாசிக்கக்கூட இல்லை.

அவர்கள் குடும்பத்தில் நிலம் பிரிக்க ஒரு முறை உண்டு. மூத்தவன் பிரிப்பான், இளையவன் முதலில் எடுப்பான். எது மிஞ்சுகிறதோ அதுதான் மூத்தவனுக்கு. அது தெரிந்தவன் ஒரு பக்கத்தைக் கொழுக்கவைத்து மறுபக்கத்தை மெலியவைக்க மாட்டான். தாத்தா காலத்திலிருந்து இந்த ஒரு முறையை வைத்தே கோர்ட்டு வாசலை மிதிக்காமல் காலம் தள்ளிவிட்டார்கள். அந்தக் காலத்துப் பெரியவர்கள் எல்லாவற்றையும் யோசித்தார்கள். கலர் பிரிண்டைத்தான் யோசிக்கவில்லை.

திருப்பரங்குன்றத்துக்குத் தெற்கே, கண்மாயை ஒட்டி அப்பா விட்டுப்போனது மூன்று ஏக்கர். மேற்கில் கிணறு. எந்தக் கோடையிலும் வற்றாத கிணறு. கிழக்கில் கிணறு கிடையாது, மேட்டு நிலம். அதை ஈடுகட்ட முத்திருளன் கிழக்குக்கு ஒரு ஏக்கர் எழுபது சென்ட், மேற்குக்கு ஒரு ஏக்கர் முப்பது சென்ட் என்று பிரித்திருந்தார். யார் பார்த்தாலும் நியாயம் என்றுதான் சொல்வார்கள். ஆனால் முப்பது வருஷமாக அந்தக் கிணற்றில் மோட்டாரைப் போட்டு வெள்ளாமை பார்த்தவர் அவர். கிணறு இல்லாத நிலத்தை வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்து உட்கார அவரால் முடியாது. தம்பிக்கு முதல் கை. தம்பிக்கும் கண் இருக்கிறது. கிணற்றைத்தான் எடுப்பான்.

அதனால்தான் பத்து நாளுக்கு முன்பு திருநகரில் அவர் அந்த வேலையைச் செய்தார்.

திருநகரில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் ஹம்சவேணி என்ற பெண் வரைபடக் கடை வைத்திருந்தாள். சௌராஷ்டிரக் குடும்பத்துப் பெண், முப்பது வயதிருக்கும், ஒற்றை ஆளாகக் கடையைப் பார்த்துக்கொள்கிறாள். டிரோன் விட்டு எடுத்த நிலத்தின் படத்தில் பங்குகளைப் பிரித்து, பார்த்த உடனே விளங்குகிற மாதிரி ஒவ்வொரு பங்கையும் ஒவ்வொரு டிசைனால் நிரப்பி அச்சடித்துக் கொடுப்பாள்.

அவள் முதலில் திரையில் ஒரு கறுப்புச் சதுரத்தைக் காட்டினாள். அதன் நடுவில் மேற்குப் பங்கின் வடிவம் மட்டும் வெள்ளையாக இருந்தது. "இதுக்குப் பேரு மாஸ்க், ஐயா."

"கொரோனாவுக்குப் போட்டமே, அதா?"

"இது வேண்டாத எடத்த மறைக்கிறதுக்கு. வெள்ளையா இருக்குற எடத்துல மட்டும் டிசைன் விழும், கறுப்புல விழாது. ஓட்டை போட்ட கோலத் தட்டை வாசல்ல வச்சுப் பொடியத் தூவுவாங்கள்ல, அது மாதிரி."

"ஓட்டைக்கு வெளிய பொடி சிந்திருச்சுன்னா?"

"சிந்தாது ஐயா."

"சிந்துனா யாருக்குத் தெரியப் போகுது?"

ஹம்சவேணி ஒரு நிமிடம் அவரைப் பார்த்தாள். பிறகு திரையில் இன்னொரு சன்னலைத் திறந்து, தான் எழுதிய பத்திருபது வரிகளைக் காட்டினாள். எந்த மாஸ்க்குக்கு எந்த டிசைன் என்பது அதில் இருக்கிறதாம். ஒரு தட்டுத் தட்டினால் கம்ப்யூட்டர் அந்த வரிகளை ஒவ்வொன்றாகப் படித்து, கட்டைவிரல் அளவு டிசைனைத் தரைக்கு டைல்ஸ் ஒட்டுவதுபோல அடுக்கி, மாஸ்க் வழியாக நிலத்தின் மேல் இறக்கிவிடும். இதற்கு ஸ்கிரிப்ட் என்று பெயராம். முத்திருளனுக்கு ஸ்கிரிப்ட் புரிந்ததோ இல்லையோ, டிசைன் பட்டியல் நன்றாகப் புரிந்தது. புள்ளி, அலை, செங்கல், நெல் நாற்று, சாய்கோடு. சாய்கோட்டில் அவர் கண் நின்றது.

போன வருஷம் தாலுகா ஆபீஸ் போர்டில் ஒரு படம் ஒட்டியிருந்தார்கள். கண்மாய்ப் புறம்போக்கு என்று எடுத்துக்கொள்ளப் போகிற இடங்களெல்லாம் அதில் சிவப்புச் சாய்கோட்டில் இருந்தன. சுற்றுவட்டாரமே போய்ப் பார்த்தது. அவரும் தம்பியும் ஒன்றாகத்தான் போய்ப் பார்த்தார்கள். தங்கள் நிலத்தின் மேல் கோடு இல்லை என்று பார்த்த பிறகுதான் இருவருக்கும் மூச்சு வந்தது.

"கிழக்குக்கு நாத்துப் போடும்மா, பச்சையில. மேக்குக்கு இந்தச் சாய்கோடு. சிவப்பு."

"சிவப்புச் சாய்கோடு போட்டா ஆக்கிரமிப்புன்னு நெனச்சிருவாங்க ஐயா. வேணும்னா ஓரத்துல ஒரு குறிப்பு வச்சு, இது சும்மா பங்கு அடையாளம்னு போட்டுரவா?"

"குறிப்பெல்லாம் எதுக்கு? எடத்த அடைக்கும். அழகாத்தான இருக்கு, போடு."

பொய்யென்று ஒரு வார்த்தை அவர் சொல்லவில்லை. அதில் அவருக்குப் பெரிய நிம்மதி. கோடு பேசாது, அவரும் பேசப் போவதில்லை. தம்பி பார்ப்பான், பயப்படுவான், கிழக்கை எடுப்பான், கிணறு வீட்டில் தங்கும். இம்புட்டுப் பக்குவமாகச் செய்த வேலையைத்தான் தங்கப்பாண்டி ஒரு விரலால் கவிழ்த்துவிட்டுக் காப்பி குடித்துவிட்டுப் போனான்.

ஏன் எடுத்தான்?

"கெணறு இருக்குற பங்கை எடுத்தாரு, இதுல என்ன அதிசயம்?" என்றாள் நாகஜோதி. "நீங்க பிரிக்கும்போதே தெரியாதா? இப்ப மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு."

அவளுக்கு எப்படிச் சொல்வது? சொல்வதென்றால் கோட்டைச் சொல்ல வேண்டும். கோட்டைச் சொன்னால் அவள் சும்மா இருப்பாளா? வாயை மூடிக்கொண்டு தனியாகவே அரித்துக்கொண்டிருந்தார். கோட்டைப் பார்த்தும் ஒருவன் பயப்படவில்லை என்றால் கோடு பொம்மை என்று அவனுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. யார் சொன்னது? அந்த ஹம்சவேணிதான் சொல்லியிருக்க வேண்டும். அன்றைக்கே அவள் பார்வை சரியில்லை. அவர் பணிவாக இரண்டு தடவை கும்பிட்டுவிட்டு வந்ததைக்கூட அவள் தம்பியிடம் சொல்லிச் சிரித்திருப்பாள்.

திங்கள் முழுக்க இப்படியே போயிற்று. மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்து, வாய்க்கால் உடைந்து தண்ணீர் பாதையில் ஓடியது.

செவ்வாய்க்கிழமை காலை, பதிவுக்கு ஆதார் நகல் வாங்கும் சாக்கில் தம்பி வீட்டுக்குப் போனார். தங்கப்பாண்டி திருப்பரங்குன்றத்தில் ரயில்வே லைனுக்குப் பக்கத்தில் வாடகைக்கு இருந்தான். அவன் கப்பலூர் மில்லுக்குப் போயிருந்தான். அவன் மனைவி முனீஸ்வரிதான் கதவைத் திறந்தாள். அவள் முகத்தில் அப்படியொரு சிரிப்பு.

"வாங்க மாமா. ஒக்காருங்க. நம்ம பங்கைப் பாத்தீங்களா? பிரிட்ஜில ஒட்டி வச்சிருக்கேன்."

முத்திருளன் பார்த்தார். கால் அப்படியே நின்றுவிட்டது. அதே மூன்று ஏக்கர், அதே கண்மாய்க் கரை, அதே கிணறு. ஆனால் மேற்குப் பங்கில் நாற்று பச்சைப்பசேல் என்று நின்றது. கிழக்கில், அவர் பங்கில், மூலைக்கு மூலை சிவப்புச் சாய்கோடு.

"எம்புட்டு அழகா இருக்கு பாருங்க. ஒங்க பக்கம் மட்டும் ஏன் மாமா கோடா இருக்கு?"

"அது... அழகுக்கு," என்றார் முத்திருளன்.

ஆதார் நகலை வாங்காமலே வெளியே வந்தார். ஷேர் ஆட்டோவில் இரண்டு பேருக்கு நடுவில் இடுங்கி உட்கார்ந்து திருநகர் போய்ச் சேருவதற்குள் அவர் மண்டைக்குள் ஒரு முழுச் சதி தயாராகிவிட்டது. கோடு போட்ட நிலம் போகும். மேற்கில் கோடு போட்டது அவர், அது பொய். கிழக்கில் கோடு போட்டது யார்? அது நிஜமாக இருந்தால்? தம்பிக்கு ஏதோ தெரியும். மில்லில் ஆயிரம் பேர் வேலை பார்க்கிறார்கள், எவனுக்காவது ஆபீசில் சொந்தம் இருக்கும். கிழக்குப் பங்கு போகப் போகிறது என்று தெரிந்துதான் யோசிக்காமல் மேற்கில் விரலை வைத்திருக்கிறான். தான் சும்மா வரையச் சொன்ன கோட்டைக் கண்டு, மூன்று நாளில் தானே நடுங்குவோம் என்று முத்திருளன் நினைக்கவே இல்லை.

அவர் மாடிப்படி ஏறும்போது ஹம்சவேணி போனில் பேசிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தி சௌராஷ்டிர மொழியில் ஏதோ சொல்லிச் சிரித்துவிட்டு வைத்தாள். அவருக்கு ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை.

"யாரும்மா போன்ல?"

"அம்மா. சோத்துக்கு எத்தனை ஆழாக்கு போடன்னு கேக்குறாங்க." அவர் முகத்தைப் பார்த்தபின் சிரிப்பு நின்றது. "ஏன் ஐயா?"

"எந்தம்பி இங்க வந்தானா?"

அவள் கண் திரைப் பக்கம் போனது. அதுவே அவருக்குப் போதுமாக இருந்தது.

"வந்தான். நான் வாரதுக்கு முந்தியே வந்துட்டான். ரெண்டு பேருஞ் சேந்து எனக்கு ஒரு படம், அவனுக்கு ஒரு படம் போட்டிருக்கீக. எந்தக் கோடு நெசம்? அதச் சொல்லு மொதல்ல. எங்கிழக்குப் பங்குல என்ன வில்லங்கம்?"

"வில்லங்கமா? ஐயா, ஒக்காருங்க." ஹம்சவேணிக்கும் கோபம் வந்துவிட்டது. கோப்பைத் திறந்து திரையை அவர் பக்கம் திருப்பினாள். "இது ஒங்க படம், போன வாரத்துக்கு முந்தின வாரத் தேதி. இது அவரு படம், ஒங்க படத்துல இருந்த எங் கடைப் பேரப் பாத்து வந்து கேட்டாரு. தேதியப் பாருங்க. நேத்து, திங்கக்கெழம, காலைல பதினொண்ணே கால். மாஸ்க் ரெண்டும் அதேதான். ஸ்கிரிப்ட்ல டிசைன் பேரை மட்டும் மேலுக்குக் கீழா மாத்தினேன். ஒங்க கிழக்குல எந்த வில்லங்கமும் எனக்குத் தெரியாது."

திங்கட்கிழமை. அப்படியென்றால் எடுத்து முடித்த மறுநாள். முத்திருளன் அதை விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். கணக்கு சரியாக இருந்தது, மனசுதான் ஒப்பவில்லை. "எடுத்ததுக்கு அப்பறம் எதுக்கு மாத்துறான்?"

"யாருகிட்டயும் சொல்ல வேணாம்னாரு."

"பாத்தியா!"

"ஐயா, ஒண்ணு சொல்றேன். ஒங்களுக்குக் காட்டின மாதிரி அவருக்கும் மாஸ்க், அளவு எல்லாம் காட்டப் போனேன். அதெல்லாம் எனக்கெதுக்கும்மா, அண்ணன் பிரிச்சது சரியாத்தான் இருக்கும்னு மூடச் சொல்லிட்டாரு. அப்படிப்பட்டவரைப் போய்..." அவள் போனை எடுத்தாள். "அவரையே கூப்பிடுறேன். நேர்ல கேட்டுக்கங்க."

கப்பலூரிலிருந்து திருநகருக்குப் பைக்கில் எவ்வளவு நேரம் ஆகிவிடும்? சாப்பாட்டு இடைவேளையில், மில் சட்டையோடு, தலைமுடியில் பஞ்சு ஒட்டியபடி தங்கப்பாண்டி வந்து நின்றான். திரையில் இரண்டு படங்களும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. அவன் அவற்றைப் பார்த்தான், அண்ணனைப் பார்த்தான், திருடி மாட்டிக்கொண்டவன் மாதிரி தலையைச் சொறிந்தான்.

"முனீஸ்வரி காட்டிட்டாளா?"

"எதுக்குடா மாத்துன?"

"அவளுக்காகத்தாண்ணே. செகப்புக் கோடு போட்ட நெலத்த எடுத்துட்டு வந்தேன்னு தெரிஞ்சா வீட்ட ரெண்டாக்கிருவா. அதான் அவ பாக்குறதுக்கு மட்டும் பச்சையா ஒண்ணு வாங்குனேன்."

"தெரிஞ்சா என்ன? கோடுதான?"

"என்னண்ணே தெரியாத மாதிரி கேக்குற? போன வருசம் தாலுகா ஆபீஸ்ல நாம சேந்துதான பாத்தோம். கம்மாப் பொறம்போக்குக்கு அதே கோடுதான போட்டிருந்தான்." தங்கப்பாண்டி குரலைத் தாழ்த்தினான். "படத்த விரிச்ச ஒடனே எனக்குப் பக்குன்னு ஆயிருச்சு. நீ கவனிக்கலைன்னு நெனச்சேன். வாயத் தெறந்து சொன்னா, நீ மூத்தவன், அந்தப் பக்கத்த நானே எடுத்துக்கிறேம்பே. நாளைக்கு அதிகாரி வந்து கல்லு ஊனுனா நீ என்ன செய்வ? எனக்கு மில்லு இருக்கு. ஒனக்கு அந்த மண்ணு மட்டுந்தான இருக்கு. அதான் ஒரு வார்த்த பேசாம கைய வச்சுட்டேன். கொஞ்சம் யோசிச்சிருந்தா எம் மூஞ்சியே காட்டிக் குடுத்திருக்கும்."

கீழே பேக்கரியில் யாரோ பன்னுக்குச் சத்தம் போட்டார்கள். முத்திருளனுக்குக் காது சூடானது.

தங்கப்பாண்டி ஹம்சவேணியின் பக்கம் திரும்பினான். "நேத்தே கேக்கணும்னு நெனச்சேன், பயமா இருந்துச்சும்மா. அந்தக் கோடு சர்வேயில இருந்து வந்ததுதான? எம்புட்டுத் தூரம் போகும்? கெணறும் போயிருமா?"

ஹம்சவேணியின் கை மவுசின் மேல் அப்படியே இருந்தது. அவள் முத்திருளனைப் பார்த்தாள். காட்டிக்கொடுக்கிற பார்வையும் இல்லை, காப்பாற்றுகிற பார்வையும் இல்லை. நீங்களே சொல்லுங்கள் என்று விட்டுவிட்டாள்.

அந்த நேரத்தில் முத்திருளனுக்கு ஒன்று பளிச்சென்று தெரிந்தது. இப்போதுகூட ஒன்றும் கெட்டுப்போகவில்லை. ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். கோடு போட்ட நிலம் எனக்கிருக்கட்டும், நீ கிழக்கை வச்சுக்கோ என்று பெரிய மனுஷனாகச் சொன்னால், கிணறும் வந்துவிடும், ஊரும் மெச்சும், தம்பி ஆயுசுக்கும் நன்றி சொல்வான். தான் போட்ட திட்டம் தான் நினைத்ததைவிட நன்றாகவே பழுத்திருக்கிறது.

"டேய்," என்று ஆரம்பித்தார். "மேக்க நானே..."

"பாத்தியா, பாத்தியா! இதுக்குத்தான் நான் சொல்லல!" தங்கப்பாண்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் கண் கலங்கியிருந்தது. "நீ இப்படித்தான் சொல்லுவேன்னு எனக்குத் தெரியாதாண்ணே? முடியாது. எடுத்தது எடுத்ததுதான்."

முத்திருளனுக்கு வெட்கமாக இருந்தது. ஐம்பத்து நாலு வயதில் இப்படி ஒரு வெட்கத்தை அவர் பட்டதில்லை. பிடித்திருந்த கையை விடுவித்துக்கொண்டார்.

"கோடு சர்வேயில இல்லடா. நாஞ்சொல்லித்தான் அந்தப் பிள்ளை போட்டுச்சு."

தங்கப்பாண்டிக்கு விளங்கவில்லை. "எதுக்குண்ணே? அழகுக்கா?"

கடைசியாகக்கூட அவனே ஒரு வழி விட்டான். அழகுக்குத்தான் என்று தலையாட்டியிருக்கலாம்.

"அழகுக்கு இல்ல. நீ கெணத்த எடுக்கக் கூடாதுன்னு."

தங்கப்பாண்டி திரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். திட்டுவான், கத்துவான், எதிரில் இருக்கிற நாற்காலியை உதைப்பான் என்று முத்திருளன் எதிர்பார்த்தார். அவன் ஒன்றும் செய்யவில்லை. தலையில் ஒட்டியிருந்த பஞ்சை மட்டும் எடுத்து உருட்டிக்கொண்டே இருந்தான்.

"மேக்கு ஒனக்குத்தான்," என்றார் முத்திருளன். "எடுத்தவன் நீ. நான் கெழக்க வச்சுப் பாத்துக்கிறேன். ஏம்மா, ரெண்டுக்கும் ஒரே டிசைன் போடு. அந்தப் புள்ளியப் போடு. கோடு வேணாம்."

ஹம்சவேணி ஸ்கிரிப்ட்டைத் திறந்து இரண்டு வரிகளை மாற்றினாள். ஒரு தட்டுத் தட்டினாள். கோடும் போனது, நாற்றும் போனது. மேற்கிலும் கிழக்கிலும் ஒரே மாதிரி சாம்பல் புள்ளிகள் நிறைந்தன. நடுவில் வரப்பு மட்டும் மெல்லிய கறுப்பாகத் தெரிந்தது. வெள்ளிக்கிழமைக்கு இதையே கொண்டுபோகலாம் என்றாள்.

"இருங்கம்மா," என்றான் தங்கப்பாண்டி.

அவன் அண்ணன் பக்கம் திரும்பவில்லை. திரையை நோக்கி ஒரு எட்டு எடுத்துவைத்தான்.

"நேத்து என்னமோ மாஸ்க்குன்னு காட்ட வந்தீங்கள்ல. அது ரெண்டையும் தனித்தனியாத் தெறந்து காட்டுங்க. அளவையும் போடுங்க. ஒரு தடவ பாத்துக்கிறேன்." பிறகு, இன்னும் திரும்பாமலே, "தப்பா நெனச்சுக்காதண்ணே," என்றான்.

"பாருடா," என்றார் முத்திருளன். "நல்லாப் பாரு."

ஹம்சவேணி முதல் மாஸ்க்கைத் திறந்தாள். கறுப்பின் நடுவே மேற்குப் பங்கு வெள்ளையாக வந்தது. தங்கப்பாண்டி நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, வடக்கு மூலையிலிருந்து ஒவ்வொரு அளவாக விரல் வைத்து வாசிக்கத் தொடங்கினான்.